மேகலா அக்கா அணைக்காத லேப்டாப்

குன்னம் கடைவீதியில் டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு, மூடியில் அரசு முத்திரை போட்ட ஒரு பழைய லேப்டாப். கடையைப் பூட்டிக்கொண்டு மேகலா அக்கா வீட்டுக்குப் போன பிறகும் அந்த லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு எரியும். கதவு இடுக்கில் அந்த வெளிச்சத்தைப் பார்க்கும் டீக்கடைக்காரர் மறுநாள் காலையில் கிண்டல் செய்வார்.

"ஒம் பொட்டி ராவெல்லாம் கண்ணச் சிமிட்டிக்கிட்டுக் கெடக்கே மேகலா, எவனுக்குக் காத்துக்கெடக்கு?"

அக்கா சிரித்துவிட்டுக் கடையைத் திறப்பார். அது யாருக்காகக் காத்திருந்தது என்பதைத்தான் நான் எழுத நினைக்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இது அரைகுறையாகத் தெரியும். மீதிப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள்.

மேகலா அக்கா ஃபிளெக்ஸ் பேனர் டிசைன் செய்பவர். காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கல்யாணம், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கையால்தான். போட்டோவை வெட்டி, பின்னால் பூவோ மேகமோ வைத்து, பெயர்களை அடித்து, பெரம்பலூரில் உள்ள பிரிண்டிங் கடைக்கு இணையத்தில் அனுப்பிவிடுவார். அங்கே மணிவண்ணன் என்பவர் அடித்துச் சுருட்டி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவார். நாம் பஸ் நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். மணிவண்ணனுக்கு வேலை அதிகமாகிவிட்டால், அவரும் சில டிசைன்களை அக்காவுக்குத் தள்ளிவிடுவார். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது குறைவு. எல்லாம் போனிலேயே நடக்கும்.

அக்காவை முன்பு திருமழபாடிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒத்துவரவில்லை. ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தார். அப்போது அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. வீட்டில் தம்பி அறிவரசன் மட்டும்தான். அவன் பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் அது. மேலே படிக்காமல் அவன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிக்குப் போய்விட்டான். அக்கா வந்து சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவனுக்குப் பயம் வந்துவிட்டது. லேப்டாப்பைத் துடைத்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான்.

"நான் இதுல படந்தான் பாத்தேன். நீ எதாச்சும் உருப்படியாப் பண்ணு" என்றானாம்.

பெரம்பலூருக்குப் போய், கம்ப்யூட்டரில் எழுத்தும் படமும் அடுக்கும் டி.டி.பி. வேலையைக் கற்றுக்கொண்டார் அக்கா. பிறகு கடை வைத்தார். அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். இலக்கியா வந்தாள். வெற்றிச்செல்வி பிறந்தாள். அந்தக் குழந்தையின் காதணி விழா பேனரில் அக்கா வைத்த தங்க நிறச் சட்டத்தை இன்றைக்கும் ஆட்கள் வந்து, "அறிவரசன் வூட்டு விசேசத்துக்குப் போட்ட மாதிரியே போடுங்க" என்று கேட்கிறார்கள்.

இப்போது அந்த லேப்டாப்பை அவர் ஏன் அணைப்பதில்லை என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியே யாரும் பேசமாட்டார்கள், ஆனால் எல்லா டிசைன் கடைக்கும் தெரியும். ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், டாக்டர் கையை விரித்துவிட்டார் என்றால், வீட்டு ஆட்களில் ஒருவரோ கூட்டாளிகளோ சத்தமில்லாமல் கடைக்கு வருவார்கள். போட்டோவைக் கொடுப்பார்கள். "முன்கூட்டியே போட்டு வைங்க, தேதி அப்புறம் சொல்றோம்" என்பார்கள். செத்த பிறகு ஓடினால் நேரம் இருக்காது. உடல் வீட்டுக்கு வருவதற்குள் பேனர் நிற்க வேண்டும். ஆகவே கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, பெயர் போட்டு, தோற்றம் என்ற இடத்தில் பிறந்த தேதியைப் போட்டு, மறைவு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டு வைப்பார்கள்.

அக்காவும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். டிசைனைச் செய்து, பெயர் கொடுத்துச் சேமித்து வைத்துவிடுவார். அரியமுத்து என்ற பெரியவருக்கும் அப்படி ஒன்று செய்தார். நெஞ்சுவலியில் அவரைத் திருச்சிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூத்த மகன் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆனால் பெரியவர் பிழைத்துக்கொண்டார். மகனும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டான். அக்காவும் மறந்துபோனார்.

பிறகு ஒருநாள் அந்தப் பெரியவரே கடைக்கு வந்தார். பேத்திக்குக் காதணி விழா. "என் போட்டோவும் மூலையில ஒண்ணு வெச்சிடும்மா, ஓங்கிட்டதான் இருக்குமே, போன தேர்தலுக்கு எடுத்தது" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா அரியமுத்து என்று அடித்துத் தேடினார். வந்ததைத் திறந்தார். திரை முழுக்க மாலை போட்ட அரியமுத்து. மேலே கண்ணீர் அஞ்சலி.

மூடுவதற்குள் பெரியவர் பார்த்துவிட்டார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போட்டோ நல்லாத்தாம்மா இருக்கு. சட்டைக் கலருதான் சரியில்ல" என்றார். பிறகு, "எந்தப் பய வந்து சொன்னான்?" என்று கேட்டார்.

அக்கா சொல்லவில்லை. அவரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. பேத்தி பேனருக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்தவர், வாசல்படியில் கொஞ்சம் நின்றார். பிறகு இறங்கிப் போனார். அவர் அன்றைக்கு மகன் வீட்டுக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாக டீக்கடைக்காரர் சொன்னார்.

அன்றிலிருந்து அக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி பேனரைச் சேமிக்கக் கூடாது. கேட்டு வந்தவர்களை விரட்ட முடியாது, தொழில் அது. அதனால் டிசைனைச் செய்வார். செய்து, சேமிக்காமல், திரையில் திறந்தபடியே விட்டுவிடுவார். லேப்டாப்பை அணைக்காமல் ஸ்டாண்ட்பையில் வைத்துவிட்டு மூடியை மூடுவார். செய்தி வந்தால் மூடியைத் திறந்து, மறைவுத் தேதியை அடித்து, அப்போதுதான் சேமிப்பார். ஆள் பிழைத்து வீடு வந்துவிட்டார் என்று தெரிந்தால், திரையில் அந்த ஜன்னலை மூடுவார். சேமிக்கவா என்று லேப்டாப் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துவார். அந்த வேண்டாம் அழுத்துகிற நாள்களில் அக்கா எல்லாருக்கும் டீ சொல்வார். எதற்கென்று கடைவீதியில் யாருக்கும் தெரியாது.

ஒருமுறை நடுவில் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, செய்து வைத்தது அத்தனையும் அழிந்துபோனது. அப்போது அறிவரசன் கடைக்கு வந்து லேப்டாப்பைப் பிரித்துப் பார்த்தான். பேட்டரி செத்துவிட்டது என்றான். இனிமேல் ஸ்டாண்ட்பை வேண்டாம், ஹைபர்னேட்டில் வை என்றான். அக்காவுக்கு வித்தியாசம் விளங்கவில்லை. அவன் தனக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினான்.

"லோடு ஏத்துன வண்டிய எஞ்சின் ஓடவிட்டுட்டு டீ குடிக்கப் போறோம்ல, அது ஸ்டாண்ட்பை. வந்து ஏறுனதும் நகந்துடலாம். ஆனா டீசல் தீந்துக்கிட்டே இருக்கும், தீந்துச்சுன்னா அம்புட்டுத்தான். எஞ்சின நிறுத்திட்டு, லோடு மேல தார்ப்பாய் இழுத்துக் கட்டிட்டு வூட்டுக்கு வர்றது ஹைபர்னேட். பத்து நாள் கழிச்சுப் போனாலும் லோடு அப்படியே இருக்கும். லோடக் கொட்டிட்டு வண்டியக் கழுவி விட்டா அது ஷட்டவுன்."

"டீசல் இல்லாம லோடு எப்புடிடா அப்படியே இருக்கும்?"

"அதெல்லாம் உள்ள டிஸ்க்ல எழுதி வெச்சுக்கும்க்கா."

"எழுதி வெச்சுக்கும்னா, அதுவும் சேவ் பண்றதுதான?"

அவன் இல்லை என்றான். பிறகு யோசித்து, ஒருவகையில் ஆமாம் என்றான். அப்படியானால் எனக்கு வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கடைசியில் சிரித்தான்.

"சரி, எஞ்சின ஓடவிட்டுக்கிட்டே காத்திரு. எவன் செத்தா ஒனக்கென்ன, பொழச்சா ஒனக்கென்ன?"

ஆனாலும் புது பேட்டரி வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அந்த மாடலுக்குப் பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு வந்த மழைக்காலத்தில்தான் அது நடந்தது. அரியலூர் ரோட்டில் லாரிகளில் இருந்து சிந்துகிற சுண்ணாம்புக்கல் தூள் எப்போதும் படிந்திருக்கும். லேசாகத் தூறினால் அது வழவழவென்று ஆகிவிடும். இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் எல்லாரும் அதைக் கண்டு பயப்படுவார்கள். அறிவரசன் வேலை முடித்து பைக்கில் வந்தபோது அதில்தான் சறுக்கினான். வேறு வண்டி எதுவும் மோதவில்லை. தலை மட்டும் ரோட்டோர மைல்கல்லில் பட்டது. உடம்பில் வேறு எங்கும் காயமே இல்லை என்பார் அக்கா. தூங்குகிற மாதிரிதான் கிடந்தான்.

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். இலக்கியாவும் அக்காவும் வராந்தாவிலேயே கிடந்தார்கள். குழந்தையை இலக்கியாவின் அம்மா வைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் டாக்டர் அவர்களைக் கூப்பிட்டு, மூளையில் அசைவு குறைந்துகொண்டே போகிறது, பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள் என்று சொன்னார். கூட நின்றவர் பெயர் ஆண்டவர். அறிவரசனோடு ஒரே குவாரியில் லாரி ஓட்டுகிறவர், கூட்டாளி. அவரும் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்து வெளியே போனார்.

மறுநாள் காப்பீட்டு அட்டை வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அதை எடுக்கவும் மாற்றுத் துணி எடுக்கவும் அக்கா குன்னத்துக்கு வந்தார். எடுத்துக்கொண்டு, சாயங்காலம் பஸ்ஸுக்காகத் தன் பூட்டிய கடை வாசலில் நின்றார். அப்போது போன் அதிர்ந்தது. பெரம்பலூர் மணிவண்ணன். அவருக்கு அக்காவின் தம்பி அடிபட்டுக் கிடப்பது தெரியாது. தம்பி என்று ஒருவன் இருப்பதே தெரியுமோ என்னவோ. வழக்கம்போல ஒரு வேலையைத் தள்ளிவிட்டிருந்தார். அஞ்சலி பேனர், பெரிய சைஸ், மறைவுத் தேதி பிறகு சொல்வார்கள், போட்டோவை மட்டும் நன்றாக வெட்டிவிடு என்று எழுதியிருந்தார். கீழே போட்டோ வந்து இறங்கியது.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சிரித்துக்கொண்டு நின்றான் அறிவரசன்.

மகளின் காதணி விழாவில் எடுத்த போட்டோ அது. அக்கா கடையைத் திறந்து உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். யார் கொடுத்திருப்பார்கள் என்று தெரிய அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆண்டவருக்குப் போன் போட்டார்.

"மணிவண்ணங்கிட்ட நீயா குடுத்த?"

ஆண்டவர் லாரியை ஓரங்கட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"பசங்க எல்லாம் சேந்து... டாக்டர் சொன்னத நானும் கேட்டேன்லக்கா. கடைசி நேரத்துல ஓட முடியாதுன்னுதான்..."

"எங்கிட்டயே குடுத்திருக்கலாமேடா."

"ஒங்ககிட்ட எப்புடிக்கா குடுப்பேன்?"

ஆண்டவர் அழுதது கேட்டது. அக்கா போனை வைத்தார். அவர்மேல் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. மற்றவர்கள் தன்னிடம் இதற்காக வந்தபோதும், அவர்கள் கெட்டவர்களாக இருந்து வந்ததில்லை என்று அவருக்குத் தெரியும்.

என்னால் முடியாது என்று மணிவண்ணனுக்கு எழுதியிருக்கலாம். அப்படித்தான் முதலில் அடித்தார். பிறகு ஒன்று தோன்றியது. தான் வேண்டாம் என்றால் மணிவண்ணன் வேறு யாரிடமாவது கொடுப்பார். அவர்கள் செய்து, பெயர் போட்டு, சேமித்து வைப்பார்கள். அரியமுத்துப் பெரியவருடையது தன்னிடம் கிடந்ததுபோல, உயிரோடு இருக்கிற தம்பியின் அஞ்சலி யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் பெயரோடு கிடக்கும். தன் கையில் இருந்தால் அது நடக்காது. அடித்ததை அழித்துவிட்டு, செய்கிறேன் என்று அனுப்பினார்.

லேப்டாப்பைத் திறந்தார். செய்யாமலே செய்ததாகச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று பின்னால் ஒருமுறை நான் கேட்டுவிட்டேன். அதுவும் தோன்றியதாம். ஆனால் போட்டோவைத் திரையில் வைத்ததும் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது என்றார். முகத்தைப் பெரிதாக்கினால் கிட்டத்தில் பார்க்கலாம் என்றுதான் முதலில் பெரிதாக்கினாராம்.

விழா அன்று அவன் பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். அவன் தோளில் கை போட்டிருந்தார். ஆண்டவரோ வேறு யாரோ போட்டோவை ஓரத்தில் வெட்டி அனுப்பியதில் அக்கா போய்விட்டார். அவருடைய நான்கு விரல்கள் மட்டும் அறிவரசனின் இடது தோளில் மிச்சம் இருந்தன.

பின்னணியை நீக்குகிறபோது தோள் ஓரமாக வெட்டிக்கொண்டே வர வேண்டும். பிறருடைய கை, பிறருடைய முடி, பந்தல் கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆளை மட்டும் தனியாக நிறுத்த வேண்டும். அக்கா அதை ஆயிரம் பேருக்குச் செய்திருப்பார். மனைவியின் கையைக் கணவன் தோளில் இருந்து எடுத்திருக்கிறார், குழந்தையை அப்பா இடுப்பில் இருந்து எடுத்திருக்கிறார். சட்டையின் வெள்ளையை எடுத்து விரல்களின் மேல் பூசிக்கொண்டே வந்தார். சுண்டுவிரல் போனது. மோதிர விரல் போனது. கடைசி விரல் போனதும் அவன் தோள் சுத்தமாக இருந்தது. யாருமே அவனைத் தொட்டிருக்காத மாதிரி இருந்தது.

பெயரை அடித்தார். தோற்றம் என்று போட்டுப் பிறந்த தேதியை அடித்தார். அதை அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறைவு என்பதற்கு எதிரே காலியாக விட்டார்.

வெளியே திருச்சி பஸ் வருகிற நேரம். லேப்டாப்பை என்ன செய்வது என்று பார்த்தார். போனில் கடைவீதி குழுவில் ஒரு செய்தி வந்திருந்தது. துணை மின் நிலையத்தில் பராமரிப்பு வேலை, நாளை காலை முதல் சாயங்காலம் வரை குன்னத்தில் கரண்ட் இருக்காது.

ஷட்டவுன் கொடுத்தால் அது சேமிக்கவா என்று கேட்கும். ஆம் என்று அழுத்த முடியாது. வேண்டாம் என்று அழுத்த ஆசையாக இருந்தது. ஆனால் அதுவரைக்கும் ஆள் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர் வேண்டாம் என்று அழுத்தியிருக்கிறார். அவன் வருவதற்கு முன்னால் அதை அழுத்துவது பொய் சொல்வதுபோல இருந்தது. ஹைபர்னேட்டில் வைத்தால் நாளைக்குக் கரண்ட் போனாலும் ஒன்றும் ஆகாது, தார்ப்பாய் கட்டிய லோடு மாதிரி அப்படியே இருக்கும். ஆனால் அது எழுதி வைத்துக்கொள்ளும். ஸ்டாண்ட்பையில் வைத்தால் நாளைக் காலையில் கரண்ட் நிற்கும், செத்த பேட்டரி சில நிமிஷம்கூடத் தாங்காது, செய்தது எல்லாம் போய்விடும்.

போகட்டும் என்று நினைத்தார். ஸ்டாண்ட்பையை அழுத்தினார். மூடியை மூடினார். ஓரத்து விளக்கு சிமிட்டத் தொடங்கியது. கடையைப் பூட்டிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இலக்கியா அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள். அந்தக் கடையின் வழக்கமெல்லாம் அவளுக்குத் தெரியும். அக்கா வேண்டாம் என்று அழுத்திய நாள்களில் வீட்டுக்கு வடையோடு வந்தவர் ஆயிற்றே.

"யாராச்சும் வந்து சொன்னாங்களா அண்ணி?"

பொய் சொல்லியிருக்கலாம். அக்காவுக்கு வரவில்லை.

"சொன்னாங்க. நான் சேவ் பண்ணல."

இலக்கியா தலையை ஆட்டினாள். பிறகு அக்காவின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விடியும்வரை விடவே இல்லை.

காலையில் இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். அக்கா அவன் காதருகே குனிந்து, பேட்டரி இனிமேல் வேண்டாம்டா, நீ சொன்ன மாதிரியே வைக்கிறேன், எழுந்து வா என்று சொன்னாராம். என்ன பேசினோம் என்று பிறகு அவருக்கே வெட்கமாக இருந்ததாம். வேறு எதுவும் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வெளியே நிற்கச் சொன்னார். மறுபடி கூப்பிட்டபோது மிஷின் சத்தம் நின்றிருந்தது.

விபத்து என்பதால் உடலைத் தர நேரமாகும் என்றார்கள். இலக்கியாவோடு உறவுக்காரர்கள் இருந்தார்கள். வீட்டில் ஆக வேண்டியதைப் பார்க்க ஆண்டவர் அக்காவைக் காரில் முன்னால் கூட்டி வந்தார். குன்னம் நெருங்கும்போதுதான் ஆண்டவர், பேனரை மணிவண்ணனையே வேறு ஆளை வைத்துச் செய்யச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்றார்.

"கடையில நிறுத்து" என்றார் அக்கா.

கடைவீதியில் அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. டீக்கடை ரேடியோ பாடத் தொடங்கி, அக்காவைப் பார்த்ததும் நின்றது. கடையைத் திறந்தார். லேப்டாப்பின் ஓரத்தில் விளக்கு எரியவில்லை. மூடியைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினார். கறுப்பாக இருந்து, மெதுவாக முதலில் இருந்து எழுந்தது. திறந்து வைத்த ஜன்னல் எதுவும் இல்லை. அவன் பெயர் இல்லை, முகம் இல்லை. அவர் நினைத்தபடியே எல்லாம் போயிருந்தது.

அவன் மட்டும் வரவில்லை.

போனில் இருந்த போட்டோவை மறுபடி எடுத்துத் திரையில் போட்டார். மறுபடி சிரித்துக்கொண்டு நின்றான். மறுபடி தோள் ஓரமாக வெட்டிக்கொண்டு வந்தார். ஆண்டவர் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தை லுங்கியில் புதைத்துக்கொண்டார். வாசலில் கூட்டாளிகள் நின்றார்கள். யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

விரல்கள் வந்த இடத்தில் அக்காவின் கை நின்றது. பிறகு வெட்டும் கோட்டை விரல்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

மறைவு என்ற இடத்தில் தேதியை அடித்தார். சேமித்தார். பெயர் கேட்டதற்கு, தம்பி என்று அடித்தார். அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் மணிவண்ணன் கூப்பிட்டார். நல்ல வேலைக்காரர், பிரிண்டுக்கு விடும் முன் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பார்.

"மேகலா, தோள்ல யாரோ கை வெச்சது அப்படியே நிக்குதும்மா. வெட்டாம வுட்டுட்டியே. நான் எடுத்துடவா?"

"இருக்கட்டும்ணே."

"அசிங்கமாத் தெரியும்மா, பெரிய சைஸ்ல. ஆரு கை அது?"

"என்னோடதுண்ணே."

அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மணிவண்ணன், "நானே எடுத்துக்கிட்டு வரேம்மா" என்றார். பஸ்ஸில் கொடுத்தனுப்பவில்லை. அன்றைக்குத்தான் அவரை நாங்கள் எல்லாரும் முதன்முதலாகப் பார்த்தோம்.

அவர் வருவதற்கு முன் அக்கா ஷட்டவுன் கொடுத்தார். அது ஒன்றும் கேட்கவில்லை. சேமிக்காதது என்று எதுவும் இல்லை. லேப்டாப்புக்குள் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி நிற்கும்வரை மூடியின் மேல் கையை வைத்திருந்துவிட்டு, எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

எங்கள் பக்கத்தில் பழைய ஃபிளெக்ஸை யாரும் வீணாக்கமாட்டார்கள். காரியம் முடிந்ததும் கழற்றி, மக்காச்சோளக் குவியலை மூடவும் ஆட்டுக்கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டவும் கொண்டுபோய்விடுவார்கள். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அரியலூர் ரோடு பிரிகிற இடத்தில் மழையிலும் வெயிலிலும் அது ரொம்ப நாள் நின்றது. முகம் வெளுத்தது, எழுத்தும் வெளுத்தது. தோளில் இருந்த அந்த நான்கு விரல்களும் சட்டையோடு சட்டையாக வெளுத்துப்போய், கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று ஆனது. அக்கா அந்தப் பக்கமாகத்தான் தினமும் கடைக்கு நடந்து போகிறார்.